ஸ்கோர் 812, ஸ்டோர் கார்டு கிடையாது

வாஷிங் மெஷின் வாங்கப் போன இடத்தில், பில் போடும் பெண் ஸ்டோர் கார்டு, அதாவது அந்தக் கடையின் பெயரில் வரும் கிரெடிட் கார்டு, வேண்டுமா என்று கேட்டபோது வழக்கம்போல வேண்டாம் என்றுதான் வாயெடுத்தேன். இன்றைய பில்லில் 10 சதவீதம் தள்ளுபடி என்றார். மெஷின் 1,100 டாலர். 110 டாலரை வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. சரி, போடுங்கள் என்றேன். அவர் என் டிரைவிங் லைசென்ஸை வாங்கி, பின்பக்கத்துப் பார்கோடை டேப்லெட்டில் காட்டினார். பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் தானாகப் படிவத்தில் போய் உட்கார்ந்தன. அமெரிக்காவில் ஆளுக்கு ஒன்றாக அரசு கொடுக்கும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் ஆண்டு வருமானத்தையும் மட்டும் நான் தட்டினேன். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றி முடித்து, இப்போது முடிவு சொல்ல இயலாது, தபாலில் கடிதம் வரும் என்றது.

அந்தப் பெண்ணுக்குத்தான் சங்கடம். "சில நேரம் சிஸ்டம் இப்படித்தான் பண்ணும் சார்" என்கிற பொருளில் ஏதோ சொன்னார். பின்னால் வரிசையில் நின்றவர் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமான கார்டில் முழு விலையையும் கட்டினேன். கூடவே வாங்குவதாக இருந்த டிரையரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

அமெரிக்காவுக்கு வந்த நம் ஆட்களிடம் கிரெடிட் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டும் ஆளா என்பதற்குப் போடும் எண், பிளஸ் டூ மார்க் மாதிரி. நாலு பேர் கூடும் இடத்தில் யாராவது ஒருவர் தன் ஸ்கோரைச் சொல்லிவிடுவார், கேட்டிருக்கவே மாட்டோம். என்னுடையது அன்றைக்கு 812. வீட்டுக் கடன் ஓடுகிறது, கார் கடன் முடிந்துவிட்டது, கார்டு பாக்கி வைக்கிற பழக்கமே இல்லை. 300-க்கும் 850-க்கும் நடுவே ஓடுகிற அளவுகோலில் 800-க்கு மேல் இருப்பவனைக் கடன் கொடுப்பவர்கள் தேடி வருவார்கள் என்பதுதான் இங்கே எல்லோரும் நம்புவது. தேடியும் வருகிறார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று உறையாவது "நீங்கள் முன்கூட்டியே தேர்வு செய்யப்பட்டிருக்கிறீர்கள்" என்று தபால் பெட்டியில் கிடக்கும். வீட்டுக்கு ஐந்து லட்சம் டாலர் கொடுக்கத் தயங்காத ஊர், வாஷிங் மெஷினுக்கு ஆயிரம் டாலர் கொடுக்க யோசிக்கிறது என்றால் எங்கேயோ இடிக்கிறது.

முதலில் கோபம் கடையின் மேல்தான் வந்தது. யோசித்துப் பார்த்தால் கடைக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. பெரிய பெரிய டிபார்ட்மென்ட் கடைகள் தாங்களே கடன் பிரிவு வைத்து, தாங்களே ஆளை எடை போட்டு, தங்கள் கல்லாவிலிருந்தே கடன் கொடுத்தன. 1930-களிலிருந்து 1950-கள் வரை வாடிக்கையாளர்கள் பெயரும் ஊரும் அச்சடித்த சின்ன உலோகத் தகடுகளைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். அதெல்லாம் போய், கடைகள் ஒவ்வொன்றாகத் தங்கள் கடன் கணக்குகளை வங்கிகளுக்கு விற்றுவிட்டன. சியர்ஸ் 2003-இல் சிட்டி வங்கிக் குழுமத்துக்கு விற்றது. டார்கெட் 2013-இல் டிடி வங்கிக்கு விற்றது. ஜெனரல் எலெக்ட்ரிக்கின் கடைக்கடன் பிரிவு 2014-இல் சிங்க்ரனி என்ற பெயரில் தனிக் கம்பெனியாகப் பங்குச் சந்தைக்கு வந்தது. இன்றைக்கு அட்டையின் முகத்தில் கடையின் பெயர் இருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வங்கியின் பெயர் இருக்கும். ஆம், இல்லை என்று சொல்வது அந்தப் பொடி எழுத்துதான். கடைக்கு விற்பனையும், அதோடு ஒப்பந்தப்படி ஏதாவது பங்கும். பில் போடும் பெண்ணுக்கு, ஒரு நாளைக்கு இத்தனை பேரைப் பிடிக்க வேண்டும் என்ற நெருக்கடி.

அந்த வங்கி பெரும்பாலும் உட்டா, டெலவேர், தெற்கு டகோட்டா போன்ற மாநிலம் ஒன்றில் இருக்கும். அதற்கு ஒரு கதை உண்டு. 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மார்க்கெட் (Marquette) என்ற மினியாபொலிஸ் வங்கி தொடுத்த வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது: தேசிய வங்கி தான் இருக்கும் மாநிலத்தின் வட்டி விகிதத்தையே மற்ற மாநிலத்து வாடிக்கையாளரிடமும் வாங்கலாம். அவ்வளவுதான், வட்டிக்கு உச்சவரம்பு இல்லாத மாநிலத்தைத் தேடி வங்கிகள் கிளம்பின. 1981-இல் சிட்டி வங்கி தன் கார்டுத் தொழிலை நியூயார்க்கிலிருந்து தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸுக்கு மாற்றியது. ஸ்டோர் கார்டுகளில் 30 சதவீதத்துக்கு மேல் வட்டி இன்றைக்குச் சாதாரணமாக இருப்பதற்கு அந்தத் தீர்ப்பும் ஒரு காரணம்.

எனக்குக் கடிதமும் அந்த மாதிரி ஒரு மாநிலத்திலிருந்துதான் வந்தது. கடை இருப்பது நான் இருக்கும் ஊரில்.

கடிதத்துக்குப் போகும் முன் ஸ்கோரைப் பற்றிக் கொஞ்சம். இதை அரசாங்கம் கொடுக்கிறது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பில் ஃபேர் என்ற பொறியாளரும் ஏர்ல் ஐசக் என்ற கணித வல்லுநரும் 1956-இல் தொடங்கிய கம்பெனி ஃபேர் ஐசக். கடன் கொடுப்பவர்கள் எல்லோரும் பொதுவாகப் பயன்படுத்தும் ஸ்கோரை அது 1989-இல் கொண்டுவந்தது. ஃபைகோ என்று இன்று சொல்வது அதைத்தான். அது பதில் சொல்லும் கேள்வி ஒன்றே ஒன்று: இந்தக் கடன் வரலாற்றுக் கோப்பில் இருக்கும் ஆள் அடுத்த இரண்டு ஆண்டுக்குள் ஏதாவது ஒரு கடனில் 90 நாளோ அதற்கு மேலோ தவணை தவறுவாரா? அதற்கு அது பார்ப்பவை: தவணை ஒழுங்காகக் கட்டிய வரலாற்றுக்கு 35 சதவீதம், வாங்கிய கடன் அளவுக்கு 30, வரலாற்றின் வயதுக்கு 15, புதிதாகக் கடன் தேடியதற்கு 10, கடன் வகைகளின் கலவைக்கு 10.

இதில் சம்பளம் எங்கே என்று பாருங்கள். இல்லை. வங்கியில் எவ்வளவு சேமிப்பு இருக்கிறது, வேலை இருக்கிறதா, போன மாதம் போய்விட்டதா, எதுவும் ஸ்கோருக்குத் தெரியாது. அதனால்தான் 2009-இல் வந்த கார்டு சட்டம், கடனைக் கட்டும் சக்தி இருக்கிறதா என்று வங்கி தனியாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, விண்ணப்பத்தில் வருமானத்தைக் கேட்க வைத்தது. அதுபோக, ஒரே ஸ்கோர் என்பதே கிடையாது. ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்று, நம் கடன் வரலாற்றைக் கோப்பாக வைத்திருக்கும் நிறுவனங்கள் மூன்று. மூன்று கோப்பும் ஒன்றுபோல இருக்காது. இலவச ஆப்களில் பலவும் காட்டுவது அந்த மூவரும் சேர்ந்து 2006-இல் கொண்டுவந்த வான்டேஜ்ஸ்கோர். வங்கி பார்ப்பது ஃபைகோவின் ஏதோ ஒரு பதிப்பு, சில சமயம் கிரெடிட் கார்டுக்கென்றே செய்த, 250-இலிருந்து 900 வரை ஓடும் பதிப்பு. கைபேசியில் பச்சை வட்டத்துக்குள் தெரியும் எண்ணை வைத்துக்கொண்டு "எனக்கு எப்படி இல்லை என்று சொல்லலாம்?" என்று கேட்பதில், அந்த எண்ணை வங்கி பார்த்திருக்கவே வேண்டியதில்லை என்பது விட்டுப்போகிறது. இன்னொன்றும் விட்டுப்போகிறது. யாருடைய கோப்பு என்று முடிவு செய்த பிறகுதான் ஸ்கோர் என்ற பேச்சே வரும்.

மறுப்புக் கடிதத்தை மக்கள் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலில் வாடிக்கையாளருக்கு வரும் காகிதங்களில் ஓரளவு நேர்மையானது அது ஒன்றுதான், ஏனென்றால் அதை எழுத வைப்பது சட்டம். 1974-இல் சம கடன் வாய்ப்புச் சட்டம் வந்தது. அதற்கு முன்பு சம்பாதிக்கும் பெண் கார்டு கேட்டால், கணவர் கையெழுத்துப் போடட்டும் என்று திருப்பி அனுப்பிய காலம். அந்தச் சட்டத்தின்படி, முழுமையான விண்ணப்பம் கைக்கு வந்து 30 நாளுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தையும் சொல்ல வேண்டும், அல்லது காரணம் கேட்க உனக்கு உரிமை உண்டு என்றாவது எழுத வேண்டும். எனக்குப் பிடித்த இடம் ஒன்று அதன் விதிகளில் இருக்கிறது: "எங்கள் உள் கொள்கைப்படி இல்லை" என்றோ, "தேவையான ஸ்கோர் வரவில்லை" என்றோ மொட்டையாக எழுதினால் அது காரணமாகாது. எது குறைந்தது என்று குறிப்பாகச் சொல்லியாக வேண்டும். கடன் அறிக்கையைப் பார்த்து மறுத்திருந்தால், எந்த நிறுவனத்தின் அறிக்கை என்று 1970-ஆம் ஆண்டின் கடன் அறிக்கைச் சட்டப்படி பெயரும் முகவரியும் கொடுக்க வேண்டும். 60 நாளுக்குள் கேட்டால் அந்த அறிக்கையை நமக்கு இலவசமாகத் தர வேண்டும். முடிவுக்கு ஸ்கோரைப் பயன்படுத்தியிருந்தால் அந்த எண்ணையும், அதைக் குறைத்த முக்கியக் காரணங்களையும் எழுத வேண்டும்.

என் கடிதத்தில் இரண்டு காரணம் இருந்தது. விண்ணப்பத்தில் கொடுத்த தகவலைச் சரிபார்க்க இயலவில்லை. போதிய கடன் வரலாறு இல்லை. ஸ்கோர் இருக்க வேண்டிய கட்டத்தில் எண்ணே இல்லை. கணக்கிட இயலவில்லை என்று எழுதியிருந்தது.

812 ஏன் போதவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு, அப்படி ஒரு எண்ணை அவர்கள் பார்க்கவே இல்லை என்று பதில். ஃபைகோ ஸ்கோர் வருவதற்குக் குறைந்தபட்சம் ஆறு மாத வயதுள்ள ஒரு கணக்காவது வேண்டும். கடந்த ஆறு மாதத்துக்குள் கோப்பில் ஏதாவது ஒரு கணக்கைப் பற்றிச் செய்தி வந்திருக்கவும் வேண்டும். என் வீட்டுக் கடன் ஒன்றே இரண்டுக்கும் போதும். அப்படியானால் அவர்கள் திறந்து பார்த்தது வேறு கோப்பு.

கடிதத்திலிருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். எதிர்முனையில் பேசியவர் பொறுமையானவர். மறுபரிசீலனை செய்யலாம், அதற்கு முன் நீங்கள்தான் நீங்கள் என்று உறுதி செய்ய வேண்டும் என்றார். கடன் கோப்பிலிருந்தே எடுத்துக் கேட்கும் கேள்விகள் அவை. நான்கு விடையும் "இவற்றில் எதுவும் இல்லை" என்று ஐந்தாவதும் வரும். கீழ்க்காணும் தெருக்களில் எதில் நீங்கள் குடியிருந்தீர்கள்? அவர் வாசித்த மூன்றாவது பெயரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது மூன்று பேரோடு பங்கு போட்டுக்கொண்ட அபார்ட்மென்ட் இருந்த தெரு. அடுத்த கேள்வி அந்தக் காலத்து போன் நம்பரின் கடைசி இலக்கங்கள். அதற்கடுத்தது அந்த ஊர் எந்த கவுன்ட்டியில் (நம் மாவட்டம் மாதிரி) இருக்கிறது என்று. வீட்டுக் கடன் பற்றி ஒரு கேள்வி இல்லை. காரைப் பற்றி இல்லை. இப்போது குடியிருக்கும் வீட்டைப் பற்றி இல்லை. கேட்ட அத்தனையும் முதல் வருடத்து வாழ்க்கை.

எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னேன். நீங்கள்தான் என்பது உறுதியாகிவிட்டது, ஆனால் கடன் வரலாறு மிகக் குறைவாக இருப்பதால் முடிவில் மாற்றமில்லை என்றார்.

இங்கேதான் நம் பெயர் விவகாரம் உள்ளே வருகிறது. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. முருகேசன் மகன் செல்வகுமார் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஊரில் அவர் மு. செல்வகுமார். பாஸ்போர்ட்டுக்குப் போனால் இனிஷியலை விரி என்பார்கள். முருகேசனைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போடுவதா, செல்வகுமாரைப் போடுவதா என்பது படிவத்தை யார் நிரப்பினார்கள் என்பதைப் பொறுத்தது. சிலர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். அமெரிக்க விசாவில் அவர்களுடைய மொத்தப் பெயரும் குடும்பப் பெயராகி, முதல் பெயருக்கான இடத்தில் எஃப்என்யூ என்று மூன்று எழுத்து விழும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். அந்த மூன்றெழுத்தையே பெயராகச் சுமந்துகொண்டு லைசென்ஸ் வாங்கி, கரன்ட் இணைப்பு வாங்கி, ஆபீஸில் பேட்ஜும் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். ஒருவரை மருத்துவமனையில் அந்த எழுத்துகளை ஒரு சொல்லாகவே உச்சரித்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவரும் எழுந்து போயிருக்கிறார்.

என் கதை அந்த அளவுக்கு இல்லை. வந்த புதிதில் சோஷியல் செக்யூரிட்டி எண் கைக்கு வரும் முன்பே போன் இணைப்பு வாங்க வேண்டியிருந்தது. கடைக்காரர் பாஸ்போர்ட்டைப் பார்த்து அப்பா பெயரை முதல் பெயராகவும் என் பெயரைக் குடும்பப் பெயராகவும் ஏற்றினார். எண் வந்த பிறகு திறந்த வங்கிக் கணக்கு, கார்டு, கார், வீடு எல்லாம் எதிர் வரிசையில். லைசென்ஸ் கொடுத்த மாநில அலுவலகம் மறுபடியும் முதல் வரிசைக்கே போய்விட்டது. மனிதருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. போலீஸ்காரர்கூடப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். பார்கோடு என்ன அச்சாகியிருக்கிறதோ அதைத்தான் படிக்கும்.

கடன் நிறுவனங்கள் ஆளுக்கு ஒரு கோப்பு என்று கையால் எழுதி வைப்பதில்லை. பெயர், முகவரி, பிறந்த தேதி, எண் ஆகியவற்றில் எத்தனை பொருந்துகிறது என்று பார்த்து, வரும் செய்தியை ஏதோ ஒரு கோப்பில் சேர்க்கும். எண் இல்லாமல் வந்த போன் கணக்கு, தலைகீழ்ப் பெயரோடு தனிக் கோப்பாக நின்றுவிட்டது. அறிக்கையை இலவசமாகக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது கண்ணாலேயே பார்த்தேன். பழைய தெரு, பழைய போன், எப்போதோ மூடிய ஒரே கணக்கு, அதற்குக் கீழே பளிச்சென்று புதிதாக ஒரே ஒரு பதிவு: வாஷிங் மெஷின் வாங்கிய நாளில் அந்த வங்கி எட்டிப் பார்த்தது. டேப்லெட்டில் முழு எண்ணும் கேட்டிருந்தால் சரியான கோப்பில் போய் விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். கடைசி நான்கு இலக்கத்தோடு நிறுத்திக்கொண்டதால் பெயர்ப் பொருத்தத்துக்கு எடை கூடிவிட்டது. அவசரத்துக்காகச் செய்த வசதி.

இந்தக் கோப்புகளில் தப்பு இருப்பது அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தில் ஒருவருக்கு மூன்று அறிக்கைகளில் ஏதாவது ஒன்றிலாவது, புகார் செய்தபின் திருத்த வேண்டிய பிழை இருந்தது. என்னுடையது பிழை என்றுகூடச் சொல்ல முடியாது. இரண்டு கோப்பிலும் இருந்த ஒவ்வொரு வரியும் உண்மை.

திருத்தும் வேலையில் சொல்ல அதிகம் இல்லை. தகராறுக் கடிதம், லைசென்ஸ் நகல், சோஷியல் செக்யூரிட்டி அட்டை நகல், வீட்டு முகவரிக்கு வரும் ஒரு பில், எல்லாவற்றையும் ஒப்புதல் சீட்டோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஆன்லைனில் கட்டங்களை டிக் செய்து அனுப்பலாம்தான். ஆனால் "இந்தக் கணக்கு என்னுடையது இல்லை", "தொகை தவறு" என்கிற மாதிரிக் கட்டங்கள்தான் அங்கே இருக்கின்றன. "நான் இரண்டாக இருக்கிறேன்" என்பதற்குக் கட்டம் இல்லை. பொதுவாக 30 நாளுக்குள் விசாரித்துப் பதில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். சொன்னார்கள். இரண்டும் ஒன்றாகிவிட்டது. அறிக்கையின் முதல் பக்கத்தில் "வேறு பெயர்கள்" என்ற தலைப்பில் இப்போது என் பெயரும் அப்பா பெயரும் முன்னும் பின்னுமாக, ஒட்டியும் பிரிந்தும், ஓர் எழுத்து கூடியும் குறைந்தும் அரைப் பக்கத்துக்கு நிற்கின்றன.

என் விஷயம் பெயரால் வந்தது. நல்ல ஸ்கோர் உள்ளவர்களுக்கு இப்படி மறுப்பு வருவதற்கு, நான் கேள்விப்பட்ட வரையில், இதைவிட அதிகம் காரணமாக இருப்பது ஃப்ரீஸ், அதாவது கடன் கோப்பை யாரும் பார்க்க முடியாதபடி நாமே பூட்டி வைப்பது. 2017-இல் ஈக்விஃபாக்ஸிலிருந்து ஏறக்குறைய 14 கோடியே 70 லட்சம் பேருடைய தகவல் திருடு போனது. அடுத்த ஆண்டே சட்டம் மாறி, 2018 செப்டம்பர் முதல் கடன் கோப்பைப் பூட்டி வைப்பது நாடு முழுக்க இலவசமானது. ஆபீஸில் பலர் அன்றைக்கே பூட்டினார்கள், மறந்தும் போனார்கள். நண்பர் ஒருவர் சோபா வாங்கப் போய் இதே மாதிரி திரும்பி வந்து, வீட்டில் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார், நீங்கள் எங்கேயோ பணம் கட்டாமல் விட்டிருக்கிறீர்கள் என்று. மூன்று பூட்டில் ஒன்றைத்தான் திறந்திருக்கிறார். அந்த வங்கி பார்த்தது இன்னொன்றை. இணையத்திலோ போனிலோ கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பூட்டைத் திறந்தாக வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. எந்த நிறுவனத்தின் கோப்பைப் பார்ப்பீர்கள் என்று முன்பே கேட்டுக்கொண்டால் போதும். கவுன்ட்டரில் இருப்பவருக்குப் பெரும்பாலும் தெரியாது. வங்கியின் போன் எண்ணில் சொல்வார்கள்.

புதிதாகக் கார்டுகள் வாங்கிக் குவித்திருந்தாலும் இந்த வங்கிகள் பின்வாங்கும். ஸ்கோர் 10, 15 குறைந்து பழையபடி ஏறிவிடும், ஆனால் ஆறு மாதத்தில் நான்கு கணக்கு திறந்தவன் என்பது கோப்பில் அப்படியே நிற்கும். விண்ணப்பத்துக்காக எட்டிப் பார்த்த பதிவு இரண்டு ஆண்டு இருக்கும். ஃபைகோ அதைக் கணக்கில் எடுப்பது முதல் 12 மாதம்தான்.

இவ்வளவு பாடுபட்டு வாங்க வேண்டிய பொருளா இது என்று கேட்டால், இல்லை. நேரான வட்டி 30 சதவீதத்துக்கு மேல் என்பது ஒரு பக்கம். அதைவிட மோசமானது "12 மாதம் வட்டி இல்லை" என்று பெரிய எழுத்தில் போடும் திட்டம். பலருக்கு அது புரிவதில்லை. வட்டி இல்லாமல் இல்லை. ஓரமாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். 1,200 டாலருக்கு வாங்கி, மாதா மாதம் ஒழுங்காகக் கட்டி, கடைசி நாளில் 40 டாலர் பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 40-க்கு மட்டும் வட்டி என்று நினைத்தால் ஏமாந்தோம். வாங்கிய நாளிலிருந்து சேர்ந்த வட்டி முழுவதும் மொத்தமாகப் பில்லில் ஏறும். மாதப் பில் கேட்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டுமே கட்டிக்கொண்டு போனால் 12 மாதத்தில் அசல் முடியாது. பல திட்டங்களில் அந்தத் தொகை அப்படித்தான் இருக்கும். அசலை மாதத்தால் வகுத்து, அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கட்டுபவர்களுக்கு மட்டுமே அது உண்மையிலேயே வட்டியில்லாக் கடன்.

முதல் பில்லிலேயே முழுசாகக் கட்டிவிடுவேன் என்கிறவர்களுக்குத் தள்ளுபடி நிஜமான பணம், அதை நான் மறுக்கவில்லை. பெரிய பொருளுக்கு ஒரு முறை. 60 டாலர் சட்டைக்கு 6 டாலர் மிச்சம் பிடிக்கக் கோப்பைத் திறந்து காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கோப்பு ஒன்றான பிறகு வங்கிக்குப் போன் செய்து மறுபடியும் பார்க்கச் சொல்லியிருக்கலாம். புது விண்ணப்பம் போடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பார்கள்; அந்தப் பழைய விண்ணப்பம் மூடிவிட்டது. எனக்கு அலுத்துவிட்டது. டிரையர் இன்னும் வாங்கவில்லை. துணி கராஜில் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. "நான் கேட்டுப் பார்க்கிறேன், என் பெயரில் என்ன குழப்பம் இருக்கிறது?" என்றாள் என் மனைவி. அவள் ஸ்கோர் என்னுடையதைவிட 60, 70 குறைவு. வேலைக்குப் போகாமல் இருந்த வருடங்களில் வரலாறும் சேரவில்லை. ஆனால் 2013-இல் விதியைத் திருத்தி, 21 வயதுக்கு மேற்பட்டவர்கள் நியாயமாகத் தங்கள் கைக்கு எட்டும் குடும்ப வருமானத்தையும் விண்ணப்பத்தில் காட்டலாம் என்று ஆக்கிவிட்டார்கள், குறிப்பாக வீட்டில் இருக்கும் துணைவர்களை நினைத்து. பெயரும், கல்யாணத்துக்குப் பிறகு இங்கே வந்து, என் பெயரைப் பின்னால் சேர்த்து, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இரண்டு சொல்.

அதே கடை, அதே டேப்லெட். வட்டம் சுற்றத் தொடங்கியதும் ஒப்புதல் வந்துவிட்டது. நான் அவள் பக்கத்திலேயே என் 800 சொச்சத்தோடு நின்றுகொண்டிருந்தேன். டிரையருக்குத் தள்ளுபடி கிடைத்தது, முதல் பில்லில் முழுசாகக் கட்டியாயிற்று.

கார்டு தபாலில் வந்தபோது அதோடு ஒரு தாளும் இருந்தது, வீட்டில் இன்னொருவரைத் துணைப் பயனராகச் சேர்க்க விருப்பமா, கட்டணம் இல்லை என்று. அதில் முதல் பெயருக்கு ஒரு கட்டம், நடுப் பெயருக்கு ஒரு கட்டம், கடைசிப் பெயருக்கு ஒரு கட்டம். அவள் அதை ஒரு முறை பார்த்தாள், என்னை ஒரு முறை பார்த்தாள், "வேண்டாம்ங்க" என்று சொல்லி மறுசுழற்சித் தொட்டியில் போட்டாள்.